மணிக்கு ஸ்வெட்டர் வேண்டாம்

கேள்வி: எதிர் வீட்டுப் பெரியவர் காலமான பிறகு, அவர் ஆசையாக வளர்த்த ஆப்பிரிக்க சாம்பல் கிளி மொட்டைமாடியில் ஒரு துருப்பிடித்த கூண்டில் கிடந்தது. காலையில் சூரியகாந்தி விதை, சாயங்காலம் பால்சோறு, அவ்வளவுதான் கவனிப்பு. அவர் மகனிடம் கேட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பெயர் மணி. நெஞ்சு, வயிறு, தொடை எல்லாம் வெறும் தோல். இரண்டு இறக்கைகளிலும் நீள இறகுகளை யாரோ கத்தரித்திருக்கிறார்கள். இப்போது நெஞ்சில் முள் முள்ளாக ஏதோ முளைக்கிறது, தொட்டால் கத்துகிறான். முளைத்ததில் பாதியை அவனே பிடுங்கிப் போட்டுவிடுகிறான். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவு என்கிறார் என் மாமியார். மகள் ஆன்லைனில் கிளிக்கு ஸ்வெட்டர் பார்த்து வைத்திருக்கிறாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வேறு இருக்கின்றன. எதைச் செய்வது, எதை விடுவது? கத்தரித்த இறகு எப்போது வளரும்?
வாசகி, ஈரோடு

பதில் (பறவைகளுக்கான கால்நடை மருத்துவர்):

அம்மா, நீங்கள் பயந்து எழுதிய வரிதான் எனக்குப் பிடித்த வரி: முள் முள்ளாக முளைக்கிறது. இறகு முளைக்கும் குழிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். வருடக்கணக்காகப் பிடுங்கிப் பிடுங்கிக் குழியே தழும்பாகிப்போன கிளிகளுக்கு இந்த முள் வராது. ஆகவே மணிக்கு இறகை வரவழைக்க நீங்கள் மெனக்கெட வேண்டாம், அது தன்னால் வரும். ஆனால் வருகிற அந்தச் சில வாரங்களில் அரிப்பும் கூச்சமும் குளிரும் அவனைப் பாடாய்ப் படுத்தும். அதைப் பொறுக்க முடியாமல்தான் முளைத்ததைப் பிடுங்குகிறான். அவன் பொறுத்துக்கொள்ளும்படி சூழலை மாற்றிக் கொடுப்பதுதான் இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது.

ஸ்வெட்டரும் வேண்டாம், வேப்பெண்ணெயும் வேண்டாம். மாமியார் கோபித்துக்கொண்டால் டாக்டர் சொன்னார் என்று பழியை என் மேல் போடுங்கள். கிளி நாள் முழுக்க அலகால் உடம்பைக் கோதிக்கொண்டே இருக்கும். நாம் தடவுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போகும். இறகுகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்துத்தான் பறவை உடம்புச் சூட்டைக் காக்கிறது. எண்ணெய் பட்ட இறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மிச்சம் இருக்கிற கதகதப்பும் போய்விடும். தேங்காய் எண்ணெய், கற்றாழை, வாசலின், குழந்தைகளுக்குப் போடும் பவுடர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ஸ்வெட்டர் விஷயத்தில் என் கவலை வேறு. கம்பளி நூலைக் கிளி இழை இழையாகப் பிரித்து விழுங்கும், அது தொண்டைப் பையில் போய்ச் சுருண்டு அடைக்கும். நகம் நூலில் மாட்டி இரவெல்லாம் தவித்த பறவைகளும் உண்டு. போதாததற்கு, துணி உரசி அந்தப் புது முளைகளையே ஒடித்துவிடும். இறகைப் பிடுங்குவதோடு நிற்காமல் தோலையும் கடித்துப் புண்ணாக்கினால் கழுத்துக்குப் பட்டை போட வேண்டி வரலாம். அதையும் மருத்துவர் அளவு பார்த்துப் போட்டு, அன்றைக்கு அது எப்படி நடக்கிறது, சாப்பிடுகிறது என்று பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும்.

மணியின் தலையை நீங்கள் விவரிக்கவில்லை. முதலில் அதைப் பாருங்கள். தலை இறகுகள் ஒழுங்காக இருந்து கழுத்துக்குக் கீழே மட்டும் மொட்டை என்றால், அவனே பிடுங்குகிறான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் எந்தக் கிளிக்கும் தன் அலகு தன் தலைக்கு எட்டாது. தலையிலும் இறகு போயிருந்தால் வேறு கிளி பிடுங்கியிருக்க வேண்டும், அல்லது உள்ளே நோய் இருக்க வேண்டும்.

எப்படி இருந்தாலும் ஒருமுறை பரிசோதனை செய்தே ஆக வேண்டும். கிளிகளுக்கு மட்டும் வரும் ஒரு வைரஸ் நோய் உண்டு, இறகையும் அலகையும் சேர்த்துக் கெடுப்பது. பி.பி.எஃப்.டி. என்பார்கள். கொஞ்சம் ரத்தமும் ஒரு இறகும் எடுத்து டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். அந்த முடிவு வரும்வரை லவ் பேர்ட்ஸை வேறு அறையில் வையுங்கள். மணியின் கிண்ணத்தைக் கழுவிய கையோடு அவற்றைத் தொடாதீர்கள். இறகுத் தூள் வழியாகவே இது பரவும், சாம்பல் கிளியோ தூள் கொட்டுவதில் மன்னன். துருப்பிடித்த கூண்டு என்று எழுதியிருப்பதால் ரத்தத்தில் துத்தநாகமும் ஈயமும் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். முலாம் பூசிய பழைய கம்பியைக் கடித்துக் கடித்தே நஞ்சேறிய கிளிகள் நிறைய. சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நோய்க்கான பரிசோதனையையும் விட வேண்டாம். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. வீட்டில் யாருக்காவது, முக்கியமாக உங்கள் மாமியாருக்கு, காய்ச்சலும் விடாத வறட்டு இருமலும் வந்தால் வீட்டில் கிளி இருக்கிறது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். தனியார் மருத்துவரிடம் போவதாக இருந்தால், கிளி பார்த்துப் பழக்கம் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் கோழிக்கு வைத்தியம் தெரிந்தவர்கள் ஏராளம், கிளிக்குத் தெரிந்தவர்கள் குறைவு.

சரி, அந்த முள்ளுக்கு வருவோம். வெளிச்சத்தில் கிட்டே வைத்துப் பாருங்கள். அடிப்பாகம் கருநீலமாக, கொஞ்சம் தடித்து இருக்கும். அங்கே ரத்தம் ஓடுகிறது. வளரும் இறகுக்குச் சாப்பாடு அந்த வழியாகத்தான் போகிறது. அதில் விரல் பட்டாலே வலிக்கும், அதனால்தான் மணி கத்துகிறான். இறகு வளர வளர ரத்தம் கீழே இறங்கிவிடும். நுனியில் மேலுறை வெளுத்துக் காய்ந்து, வெங்காயச் சருகு மாதிரி ஆகும். அந்தச் சருகு உரிந்து விழுந்தால் உள்ளே சுருண்டிருந்த இறகு விரியும். நெஞ்சிலும் வயிற்றிலும் அதை அவனே கோதி உரித்துக்கொள்வான், அங்கே உங்கள் கை வேண்டாம். தலையிலும் கழுத்தின் பின்புறத்திலும் முள் தெரிந்தால்தான் உதவி தேவை. காட்டில் உடன் இருக்கும் கிளி செய்துகொடுக்கும் வேலை அது. குளித்து ஈரம் காய்கிற நேரத்தில், அவனாகத் தலையைக் குனிந்து காட்டினால் மட்டும், வெளுத்த நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டுங்கள். பொடிப்பொடியாக உதிரும். கருநீலப் பகுதிக்கு விரல் போகக் கூடாது. கத்தினால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.

ரத்தம் ஓடும் முளை ஒடிந்துவிட்டால் பார்க்கப் பயமாக இருக்கும், கூண்டெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தெறித்திருக்கும். பதறாமல் மணியை ஒரு துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், நெஞ்சை அழுத்தாமல். பறவைக்கு நெஞ்சு ஏறி இறங்கினால்தான் மூச்சு. ஒடிந்த இடத்தில் கார்ன்ஃப்ளார் வைத்துச் சில நிமிடம் லேசாக அழுத்துங்கள், மைதா இருந்தாலும் போதும். பெரும்பாலும் நின்றுவிடும். பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் உடனே வண்டியை எடுங்கள். 400 கிராம் கிளியின் உடம்பில் மொத்த ரத்தமே 40 மில்லி அளவுதான். ஒரு டீஸ்பூன் போனாலே அதற்கு அதிகம். ஒடிந்த குருத்தை வேரோடு பிடுங்கிவிடு என்று யாராவது சொல்வார்கள். வீட்டில் அதைச் செய்யாதீர்கள், குழி கிழிந்தால் அந்த இடத்தில் இறகே வராமல் போகலாம்.

கத்தரித்த இறக்கை வேறு கதை. பிடுங்கிய இடத்தில் சில வாரங்களிலேயே புது முளை வரும். ஆனால் கத்தரித்த இறகு நம் தலைமுடி மாதிரி நீளாது. அந்தக் கட்டை தன் காலம் முடிந்து உதிர்ந்தால்தான் அதே குழியில் புதியது முளைக்கும். சாம்பல் கிளி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறகு மாற்றும், எல்லாக் கட்டைகளும் போக ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். கஷ்டம் என்னவென்றால், ஒழுங்கான இறக்கையில் புதிதாக வளரும் நீள இறகுக்கு இரண்டு பக்கமும் வளர்ந்த இறகுகள் அணையாக நிற்கும். கத்தரித்த இறக்கையில் அது தன்னந்தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். மணி ஒருமுறை தொப்பென்று விழுந்தால் முதலில் ஒடிவது அதுதான். பழைய நினைப்பில் பறக்கப் பார்த்து நெஞ்செலும்பு தரையில் அடிபட்டுத் தோல் பிளந்து வரும் கிளிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அதனால் கூண்டுக்குள் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். உட்காரும் கொம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் போதும். அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டு மேலே செய்தித்தாள் விரியுங்கள். கடையில் விற்கும் வழவழப்பான உருளைக் கம்புக்குப் பதிலாக, மருந்து அடிக்காத கொய்யாக் கிளை நல்லது. தடிமன் ஒரே சீராக இல்லாததால் பிடி நழுவாது, பட்டையை உரிக்கிற வேலையும் அவனுக்குக் கிடைக்கும். அரளி மட்டும் வீட்டுப் பக்கமே கூடாது. வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு விடுங்கள்.

குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகள் ஸ்வெட்டர் தேடியதே அதற்காகத்தான் இருக்கும். ஈரோட்டு வெயிலில் பகலில் பிரச்சினை இல்லை. ஏசி அறையும், விசிறிக்கு நேர் கீழேயும், மார்கழி விடியற்காலையும்தான் ஆபத்து. பறவையின் உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல். போர்வை போன பிறகு அந்தச் சூட்டைத் தக்கவைக்கத் தின்றதெல்லாம் செலவாகிவிடும், இறகு வளர்க்க மிச்சம் இருக்காது. அறை 25 முதல் 29 டிகிரிக்குள் இருந்தால் போதும். இருக்கிற இறகையெல்லாம் உப்பிக்கொண்டு நடுங்கினால் குளிர். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கைகளை உடம்பிலிருந்து தள்ளி வைத்தால் வெக்கை. ராத்திரி சூடு தேவைப்பட்டால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைக் கூண்டுக்கு வெளியே, ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். வேண்டாம் என்றால் அவன் மறுபக்கம் நகர்ந்துகொள்ள முடிய வேண்டும். வெறும் தோல் சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் பல்பைக் கூண்டுக்குள் தொங்கவிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஹீட்டர் வாங்கும்போது டெஃப்லான் பூச்சு இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள்.

டெஃப்லான் என்றதும் சமையலறையையும் சொல்லிவிடுகிறேன். நான்-ஸ்டிக் தவா காலியாகக் காய்ந்து புகைந்தால் நமக்குத் தலைவலியோடு போகும், கிளி சில நிமிடங்களில் செத்துவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே எதுவும் மணி இருக்கும் அறையில் கூடாது. கொசுவுக்குக் கூண்டைச் சுற்றி வலை கட்டுங்கள்.

அரிப்புக்கு மருந்து தண்ணீர்தான். தினமும் காலை பத்து மணிக்குள், புதுத் தெளிப்பான் ஒன்றில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, மேலே தூக்கிப் பிடித்து மழைத் தூறலாக இறங்கும்படி தெளியுங்கள். முகத்துக்கு நேராகப் பீய்ச்சினால் தண்டனை என்று எடுத்துக்கொள்வான். முதலில் ஒதுங்குவான்; பக்கத்தில் இருக்கும் கீரைக் கட்டில் தெளித்துக் காட்டினால் பிடித்துப்போகும். பத்திரிகையில் எழுதக்கூடாத அளவுக்கு நான் இதில் அடம்பிடிப்பவன்: ஷாம்பூ, டெட்டால், மஞ்சள் தண்ணீர் எதுவும் இல்லை, வெறும் தண்ணீர். குளித்த பிறகு இளவெயில். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி-க்கு வேண்டிய கதிர் இருக்காது, கூண்டைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். இருபது நிமிடம் போதும். பாதிக் கூண்டுக்கு நிழல் வேண்டும், காக்கைக்கும் பூனைக்கும் ஒரு ஆள் காவல் வேண்டும். ஈரத்தோடு தூங்க விடாதீர்கள், ஹேர் டிரையரும் பிடிக்காதீர்கள்.

அடுத்தது சாப்பாடு. இறகின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு புரதம். சூரியகாந்தி விதையும் பால்சோறும் தின்று வளர்ந்த கிளிக்குக் கொழுப்பு நிறைய இருக்கும், புரதமும் வைட்டமின் ஏ-வும் கால்சியமும் இருக்காது. சாம்பல் கிளிக்குக் கால்சியம் குறைந்தால் வலிப்பே வரும். பாலை இன்றோடு நிறுத்துங்கள், பறவைக்குப் பால் செரிக்காது. விதையை மட்டும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தெரியாத உணவைக் கிளி உணவாகவே மதிக்காது, எதிரே வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். கிளிக்கான பெல்லட்டை, அதாவது கடையில் கிடைக்கும் உருண்டைத் தீவனத்தை, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து சில வாரங்களில் அதை முக்கிய உணவாக்குங்கள். முளைகட்டிய பச்சைப்பயறு, உப்பில்லாமல் வேகவைத்த கொண்டைக்கடலை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவித்த முட்டையில் ஒரு சிறு துண்டு, முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, பப்பாளி. கோவைப்பழம் கிடைத்தால் கொடுங்கள், கிளிக்கும் அதற்கும் உள்ள பந்தம் உங்களுக்குத் தெரியாததா! பச்சை மிளகாயும் தரலாம், பறவைக்குக் காரம் உறைக்காது. பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காபி, டீ, வெங்காயம், முறுக்கு மிக்சர் கூடாது. தோலோடு இருக்கும் வேர்க்கடலையும் வேண்டாம், அதில் இருக்கும் பூஞ்சை சாம்பல் கிளியின் நுரையீரலுக்கு ஆகாது. சத்து மருந்தைத் தண்ணீரில் கலந்து வைக்காதீர்கள். எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது, வைட்டமின் கூடினாலும் கெடுதல்தான்.

பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்து, உணவும் குளியலும் சரியாகி, இன்னமும் பிடுங்கினால் மனசுதான் காரணம். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் 30 வருடம் வளர்த்து ஆராய்ந்த அலெக்ஸ் ஒரு சாம்பல் கிளிதான். நிறம், வடிவம், எண்ணிக்கை கேட்டால் பதில் சொல்லும். அப்படிப்பட்ட மூளையை மொட்டைமாடியில் தனியாக விட்டால் அது தன் உடம்பைத்தான் பிய்க்கும். பிய்க்க வேறு எதையாவது கொடுங்கள். பாக்குமட்டைத் தட்டு, பனை ஓலை, மக்காச்சோளத் தோகை, காலி தேங்காய்ச் சிரட்டை. வேகவைத்த கொண்டைக்கடலையைக் காகிதத்தில் மடித்து, அந்தக் காகிதத்தைச் சோளத் தோகையில் சுற்றிக் கட்டுங்கள். பிரித்துத் தின்ன அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரம் நெஞ்சுப் பக்கம் அலகு போகாது. பிடுங்கும்போது “ஏய் மணி!” என்று ஓடிப்போய் அதட்டாதீர்கள். பிடுங்கினால் ஆள் வரும் என்று இரண்டே நாளில் கற்றுக்கொள்வான். பிடுங்காமல் விளையாடும்போது போய்ப் பேசுங்கள்.

கூண்டு ஹாலில் இருந்தால் இன்னொன்று. ராத்திரி பத்தரை வரை சீரியல் ஓடும் வீட்டில் கிளிக்குத் தூக்கம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். சாயங்காலம் ஏழரைக்கு உள்ளறைக்கு மாற்றி, பழைய பருத்தி வேட்டியால் மூன்று பக்கம் மூடுங்கள். செல்லமாக முதுகையும் வயிற்றையும் தடவுவதும் வேண்டாம், இனச்சேர்க்கை நினைப்பைக் கிளறிவிட்டுப் பிடுங்குவதை அதிகப்படுத்தும். தலையைச் சொறிவதோடு நிறுத்துங்கள்.

இறகு வந்த கணக்கை விட எடையின் கணக்கு முக்கியம். கிராம் காட்டும் சமையலறைத் தராசில் தினமும் காலையில், சாப்பாட்டுக்கு முன் நிறுத்து எழுதுங்கள். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். விழும் இறகுகளையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். குறுக்கே கீறல் மாதிரிக் கோடுகள் இருந்தால் அது வளர்ந்த நாட்களில் சத்தோ நிம்மதியோ குறைவாக இருந்தது என்று தெரியும். நெஞ்சில் சாம்பல் நிறத்துக்குப் பதில் சிவப்பாக ஒன்றிரண்டு வரலாம். பலமுறை பிடுங்கிய குழியில் அப்படி வருவது உண்டு என்றாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நெஞ்சு மூட சில மாதங்கள் பிடிக்கும். சில இடங்கள் கடைசிவரை மூடாமலே போகலாம். அப்படிப் போனாலும் தூக்கமும் பசியும் விளையாட்டும் சரியாக இருந்தால் அவனுக்கு அது ஒரு குறையே இல்லை.

கடைசியாகக் காகித வேலை. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் சைட்டிஸ். ஆப்பிரிக்க சாம்பல் கிளி, சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்ட அதன் முதல் பட்டியலில் இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பெரியவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருந்தாரா என்று மகனிடம் கேட்டு, அவரிடம் ஒரு கடிதமும் எழுதி வாங்கிக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்துக்குப் போங்கள். மருத்துவரிடம் போவதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கட்டும்.